பாட்டிலைக் கீழே வையுங்கள், மாப்பிள்ளை



நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம்.

போன வாரம் ஒரே ஒரு வரி எழுதினேன். "கடையில் விற்கும் பார்பிக்யூ சாஸ் என்பது இறைச்சியின் மேல் ஊற்றும் ஜாம்." அவ்வளவுதான். வகுப்பில் முப்பத்தோரு வருஷம் வேதியியல் நடத்தியபோது கூட இத்தனை கைகள் உயர்ந்து நான் பார்த்ததில்லை. டல்லாஸில் இருக்கும் 1998 பேட்ச் மாணவி, "நல்ல பிரிஸ்கெட்டுக்கு சாஸே தேவையில்லை டீச்சர்" என்கிறாள். நியூஜெர்சியில் இருப்பவன், "வேலைக்குப் போகிறவனுக்கு சாஸ் காய்ச்ச நேரம் ஏது?" என்கிறான். மதுரையில் இருக்கும் என் நாத்தனார், "அமெரிக்கா போயும் மாப்பிள்ளை வீட்டில் குறை கண்டுபிடிக்கிறாயா?" என்று போட்டிருக்கிறார். கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதில் இருந்தே ஆரம்பிக்கிறேன். மாப்பிள்ளையின் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் மகள் வீடு வட கரோலினாவில், ராலி நகரை ஒட்டிய கேரியில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கரி ஸ்மோக்கர்தான் உலகம். நான் வந்த இரண்டாவது வாரம் எட்டு பவுண்டு பன்றித் தோள்கறி வாங்கி, உப்பும் மிளகும் தடவி, விடியற்காலை நாலரைக்கு எழுந்து நெருப்பு மூட்டினார். அடுத்த பதினோரு மணி நேரம் அந்த மனுஷன் சரியாக உட்காரவில்லை. தெர்மாமீட்டரைப் பார்ப்பதும் கட்டை போடுவதும்தான் வேலை. எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது. இப்படி ஒரு பரிசோதனையைக் கவனித்த மாணவனை நான் அதிகம் பார்த்ததில்லை.

சாயங்காலம் விருந்தாளிகள் பத்துப் பேர். இறைச்சியை எடுத்து நார் நாராகப் பிய்த்துத் தட்டில் குவித்தார். பிறகு ஒரு பெரிய பாட்டிலைத் திறந்து, கரும்பழுப்பாக, தார் மாதிரி இறங்கும் சாஸை அப்படியே கவிழ்க்கப் போனார். பதினோரு மணி நேர உழைப்பு! என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாட்டிலைக் கீழே வையுங்க மாப்பிள்ளை."

டீச்சர் குரலில் வந்துவிட்டது. பத்துப் பேரும் திரும்பினார்கள். மாப்பிள்ளை சிரித்துச் சமாளித்துக்கொண்டே ஊற்றிவிட்டார். மகள் என்னை அடுக்களைக்குள் இழுத்துப் போய், "அம்மா, எல்லார் முன்னாடியும் இப்படியா?" என்று கண் கலங்கினாள். அது என் தவறு. மறுநாள் காலை அவரிடம் வருத்தம் சொன்னேன். ஆனால் சொன்ன இடம்தான் தவறு, சொன்ன விஷயம் தவறில்லை. அதைத்தான் இங்கே நிறுவப் போகிறேன்.

மாப்பிள்ளைக்குப் போன வருஷம் எச்.பி.ஏ.1.சி. 6.3 வந்தது. அதாவது சர்க்கரை நோயின் வாசற்படி. அன்றிலிருந்து காபியில் சர்க்கரை கிடையாது. பேரன் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு கூடத் தொடவில்லை. அவ்வளவு கட்டுப்பாடான மனிதர்.

அன்று இரவு எல்லோரும் போன பிறகு அந்தக் காலி பாட்டிலை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். இந்த ஊர்ச் சட்டப்படி, எது எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும். முதல் பெயர் ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப். தக்காளி அதற்குப் பிறகுதான். இன்னும் கீழே போனால் மொலாசஸ். இரண்டு டேபிள்ஸ்பூன் சாஸுக்கு 16 கிராம் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 4 கிராம். கணக்குப் போடுங்கள் பிள்ளைகளே. இரண்டு கரண்டியில் நாலு ஸ்பூன் சர்க்கரை. மாப்பிள்ளை அன்று தட்டில் குறைந்தது ஆறு டேபிள்ஸ்பூனாவது தொட்டுக்கொண்டிருப்பார். 48 கிராம். ஒரு கேன் கோலாவில் இருப்பதே 39 கிராம்தான். கோலாவைக் கையால் தொடாதவர், ஒரு கேனுக்கு மேல் இறைச்சியோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிறார்.

இது உடம்புக் கணக்கு. சிலர், "வாரத்துக்கு ஒரு நாள்தானே டீச்சர்" என்பீர்கள். சரி, விட்டுவிடுகிறேன். எனக்கு அதைவிடப் பெரிய வழக்கு வேறு.

மறுநாள் வருத்தம் சொன்னபோது மாப்பிள்ளை ஒன்று சொன்னார். "அத்தை, சாஸ் போடலைன்னா லேசா கசக்குது. அதான் நிறைய ஊத்துறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டின் அடியில் சாஸ் படாமல் கிடந்த ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். ஆமாம், கசப்பு. நாக்கில் கரி ஒட்டின மாதிரி. இறைச்சியில் கோளாறு இல்லை. நெருப்பில் கோளாறு. சூடு ஏறிவிடக் கூடாது என்று பயந்து, நிறையக் கரியைக் கொட்டிவிட்டு, காற்று போகும் துவாரங்களை மேலும் கீழும் அடைத்து வைத்திருக்கிறார். ஆக்சிஜன் பற்றாத நெருப்பு முழுமையாக எரியாது. ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தீர்கள். அப்போது வருவது அடர்த்தியான வெள்ளைப் புகை. அதில் இருக்கும் தார்ப் பொருள்கள் ஈரமான இறைச்சியின் மேல் போய்ப் படியும். அதுதான் கசப்பு. நல்ல நெருப்பின் புகை மெலிசாக, கொஞ்சம் நீலமாக இருக்கும். கண்ணுக்கே சரியாகத் தெரியாது. மரத்தில் இருக்கும் லிக்னின் உடைந்து வரும் குவாயகால், சிரிங்கால் என்ற சேர்மங்கள்தான் நாம் விரும்பும் புகைவாசனையின் முக்கியப் பங்கு.

இனிப்பு நாக்கில் கசப்பை அமுக்கிவிடும். அதனால்தானே குழந்தைகளுக்குக் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோம். மாப்பிள்ளை இரண்டு வருஷமாகத் தப்பாக நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார். பாட்டில் சாஸ் அதை மூடி மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. பிழை வெளியே தெரிந்திருந்தால் இரண்டாவது தடவையே திருத்தியிருப்பார், அவ்வளவு கெட்டிக்காரர். பக்கத்துப் பையனின் விடையைப் பார்த்து எழுதியே பாஸாகிக்கொண்டிருந்த மாணவர்களை எனக்குத் தெரியும். இங்கே சிலர் படித்துக்கொண்டும் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

அந்த லேபிளில் இன்னொரு வேடிக்கை, 'புகைச்சுவை' என்று ஒன்று சேர்த்திருந்தார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும், அது பொய்ப் பொருள் இல்லை. நிஜ மரப்புகையைக் குளிரவைத்துத் திரவமாகப் பிடிப்பதுதான். அடுப்பிலேயே சமைக்கிறவர்களுக்கு அது உதவும். ஆனால் பதினோரு மணி நேரம் ஹிக்கரிக் கட்டையில் புகைபோட்ட கறிக்கு மேலே பாட்டிலில் இருந்து புகை ஊற்றுவதை என்னவென்று சொல்வது?

அடுத்த வாரம் என் மேற்பார்வையில் நெருப்பு. கரி பாதி. மேல் துவாரம் முழுக்கத் திறப்பு, சூட்டைக் கீழ்த் துவாரத்தை வைத்து மட்டும் கட்டுப்படுத்துவது. காய்ந்த கட்டை. முதலில் வரும் வெள்ளைப் புகை அடங்கும்வரை இறைச்சி உள்ளே போகக் கூடாது. 225-இல் இருந்து 250 ஃபாரன்ஹீட்டுக்குள் நிறுத்தினோம். உள்சூடு 200-ஐத் தாண்டியதும் எடுத்தோம். தோள்கறியில் இருக்கும் கொலாஜன் அத்தனை மணி நேரத்தில் ஜெலட்டினாக மாறியிருக்கும், கை வைத்தாலே பிரியும். ஒரு துண்டை வெறுமனே சாப்பிட்ட மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. இன்னொரு துண்டு எடுத்தார்.

இப்போது டல்லாஸ்காரிக்கு வருகிறேன். "அப்படியென்றால் சாஸே வேண்டாமே டீச்சர்" என்று குதிப்பாள். மத்திய டெக்சாஸில் அப்படி ஒரு மரபு உண்டு, மறுக்கவில்லை. லாக்ஹார்ட்டில் க்ரூட்ஸ் மார்க்கெட் என்ற பழைய கடையில் நெடுங்காலம் சாஸும் கிடையாது, முள்கரண்டியும் கிடையாது. அது அடிப்படையில் கசாப்புக் கடை. வாங்கின கறியைக் காகிதத்தில் வைத்து அப்படியே கையால் சாப்பிட்டார்கள். அங்கே மாட்டு நெஞ்சுக்கறிக்கு உப்பு, மிளகு, ஓக் புகை போதும். அந்தக் கறிக்கென்று தனியாக ஒரு கனம் இருக்கிறது. ஆனால் அதையே எல்லா இறைச்சிக்கும் சட்டமாக்குவது வெறும் வீம்பு. பன்றித் தோள்கறியில் கொழுப்பு அதிகம். நாலு வாய்க்குப் பிறகு நாக்கில் நெய் பூசின மாதிரி ஆகிவிடும். அந்தப் பூச்சைக் கழுவ ஒரு புளிப்பு வேண்டும். சாஸின் முதல் வேலை அதுதான். காரம் இரண்டாவது. இனிப்புக்கு மூன்றாவது நாற்காலி, அதுவும் ஓரமாக. பாட்டிலில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. என் சண்டை முழுக்க அந்த வரிசையோடுதான்.

இது நான் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. நான் இப்போது இருக்கும் மாநிலத்தின் பழைய வழக்கமே இதுதான். வருத்தம் தீர்ந்ததற்கு அடையாளமாக மாப்பிள்ளை என்னைக் காரில் கிழக்கே ஒன்றரை மணி நேரம் அழைத்துப் போனார். எய்டன் என்ற சின்ன ஊர். அங்கே ஸ்கைலைட் இன் என்று 1947-இல் தொடங்கிய கடை. கூரை மேல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடம் மாதிரி ஒரு குட்டிக் கோபுரம் வைத்திருக்கிறார்கள், அந்தத் தன்னம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது. முழுப் பன்றியை விறகுக் கங்கில் வேகவைத்து, மொறுமொறு தோலையும் சேர்த்துக் கத்தியால் கொத்துகிறார்கள். காகிதத் தட்டில் கறி, முட்டைக்கோஸ் ஸ்லா, தட்டையான சோளரொட்டி, அவ்வளவுதான். சாஸ் எங்கே என்று தேடினால் மேஜையில் தண்ணீர் மாதிரி ஒரு பாட்டில். வினிகரும் மிளகாயும். தக்காளி இல்லை, பாகு இல்லை. நாலு சொட்டு விட்டுச் சாப்பிட்டேன். எனக்கு எழுபது வயதாகப் போகிறது, சாப்பாட்டு விஷயத்தில் இனி ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

மேற்கே லெக்சிங்டன் பக்கம் போனால் அதே வினிகரில் கொஞ்சம் கெச்சப் சேர்ப்பார்கள். அதற்கே கிழக்குக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்! தென் கரோலினாவின் நடுப்பகுதியில் மஞ்சள் கடுகுச் சாஸ், ஜெர்மானியர் குடியேறிய வழியில் வந்தது என்று சொல்கிறார்கள். வடக்கு அலபாமாவில் டிகேட்டர் என்ற ஊரில் பிக் பாப் கிப்சன் என்பவர் 1925-இல் தொடங்கிய கடையில் கோழியைப் புகைபோட்டு எடுத்து, மயோனைஸும் வினிகரும் மிளகும் கலந்த வெள்ளைச் சாஸில் முக்கி எடுப்பார்கள். நாலும் நாலு விதம், நாலிலும் முன்னால் நிற்பது புளிப்பு. இந்தக் குழிநெருப்புச் சமையலைத் தென்மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்தவர்களில் பெரும்பங்கு அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்கள். பாட்டில் லேபிளில் கவ்பாய் தொப்பியைப் பார்க்கும்போது அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

"கான்சாஸ் சிட்டி சாஸ் இனிப்புதானே டீச்சர், அதுவும் மரபுதானே?" நல்ல கேள்வி. அந்த ஊர் பார்பிக்யூவுக்குத் தகப்பன் என்று சொல்லப்படுபவர் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர், 1900-களின் தொடக்கத்தில் கடை போட்டவர். அவருடைய சாஸ் முரட்டுக் காரம் என்றுதான் பெயர் வாங்கியது. அந்தக் கடை வழியில் வந்த ஆர்தர் பிரையன்ட்டின் சாஸும் வினிகரும் மிளகாய்த்தூளுமாக நறநறவென்று இருப்பது. நாம் இன்று கான்சாஸ் சிட்டி என்று சொல்லும் கெட்டியான இனிப்புச் சாஸை நாடு முழுக்கப் பரப்பியதில் பெரும்பங்கு கேசி மாஸ்டர்பீஸ் என்ற சாஸுக்கு உண்டு. 1970-களில் அதை உருவாக்கியவர் ரிச் டேவிஸ், குழந்தைகள் மனநல மருத்துவர். குழந்தைகளுக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்!

சரி, நியூஜெர்சிக்காரனுக்கு நேரம் இல்லையாம். கேள் தம்பி. ஆப்பிள் சைடர் வினிகர் இரண்டு கப். கெச்சப் அரை கப். பிரவுன் சுகர் ஒரு டேபிள்ஸ்பூன். கொரகொரப்பாகப் பொடித்த வற்றல் மிளகாய் ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு இரண்டு டீஸ்பூன், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன். கண்ணாடி ஜாடியில் போட்டு மூடிக் குலுக்கு. முடிந்தது. நீ வண்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வரும் நேரத்தில் நாலு ஜாடி குலுக்கலாம். ஒரு நாள் ஃப்ரிட்ஜில் இருந்தால் மிளகாய் நன்றாக இறங்கும். கெச்சப்பிலும் சர்க்கரை இருக்கிறது, டேபிள்ஸ்பூனுக்கு 4 கிராம் போல. அதையும் சேர்த்தே கணக்குப் போட்டேன். இரண்டு டேபிள்ஸ்பூன் சாஸுக்கு 2 கிராமைச் சற்றுத் தாண்டுகிறது. பாட்டிலில் 16.

அலுமினியப் பாத்திரத்தில் கலந்து வைக்காதீர்கள், அமிலம் அரிக்கும். பச்சைக் கறியில் தொட்ட பிரஷ்ஷை மறுபடி ஜாடிக்குள் விடாதீர்கள். முக்கியமாக, வினிகரைக் கொதிக்கவைக்கவே வேண்டாம். நான் முதல் தடவை ஏதோ ரசம் மாதிரி நினைத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொதிக்கவிட்டேன். வீட்டில் இருந்த அத்தனை பேரும் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினார்கள். அசிட்டிக் அமிலம் ஆவியாகும் என்று முப்பத்தோரு வருஷம் சொல்லிக்கொடுத்தவளின் லட்சணம் அது.

புளியில் செய்யலாமா என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். புளி இதற்கு அந்நியமில்லை, பல சாஸ்களில் சேரும் வொர்ஸ்டர்ஷயர் சாஸிலேயே புளி இருக்கிறது. நானும் செய்து பார்த்தேன். கோழிக்கு நன்றாகத்தான் இருந்தது. தோள்கறிக்குக் கனமாகிவிட்டது, வினிகரின் வெட்டு அதில் வரவில்லை. பன்றி, மாடு சாப்பிடாத வீடுகளில் தோலோடு கோழித் தொடை வாங்கிக்கொள்ளுங்கள். 165 ஃபாரன்ஹீட் வந்தால் பாதுகாப்பு, ஆனால் தொடைக்கறி 180 வரை போனால் இன்னும் மிருதுவாகும். அதற்கு அரை கப் மஞ்சள் கடுகு விழுது, கால் கப் வினிகர், ஒரு டேபிள்ஸ்பூன் தேன், மிளகு. பேரனுக்கு இதுதான் பிடித்தது. அவனுக்கு இதுவரை கோழி என்றால் இனிப்பு என்று நினைப்பு. முதல் நாள் முகம் சுளித்தான், மூன்றாவது நாள் தானே கேட்டான்.

ரிப்ஸுக்கு மட்டும் கொஞ்சம் இனிப்பு பளபளப்பு வேண்டும் என்றால் நான் தடுக்கவில்லை. மாப்பிள்ளையும் நானும் அந்த இடத்தில் சமாதானம் செய்துகொண்டோம். ஆனால் கடைசி இருபது நிமிஷத்தில், மெலிசாக, ஒரே ஒரு பூச்சு. முதலிலேயே பூசினால் சர்க்கரை கருகும். ஃப்ரக்டோஸ் 110 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே கேரமலாக மாற ஆரம்பித்துவிடும், உங்கள் ஸ்மோக்கரின் சூடே கிட்டத்தட்ட அதுதான். கருகினால் மறுபடி கசப்பு, கசப்பை மறைக்க மறுபடி சாஸ். இந்தச் சுழற்சியில்தான் பாட்டில்கள் விற்கின்றன.

நாத்தனாருக்கு: குறை கண்டுபிடித்தது உண்மைதான் அண்ணி. மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளை மறுபடி ரத்தம் கொடுக்கப் போகிறார். என்ன எண் வந்தாலும் அதைச் சாஸின் கணக்கில் எழுத மாட்டேன், அவர் நடக்கவும் செய்கிறார். ஆனால் ஃப்ரிட்ஜில் இப்போது அந்தப் பெரிய பாட்டில் இருந்த இடத்தில் இரண்டு ஜாடி இருக்கிறது. லேபிளைப் பேரன் எழுதி ஒட்டியிருக்கிறான், தமிழில். 'வினிகர்' என்பதில் ஒரு எழுத்துப் பிழை. திருத்தவில்லை.

வருகிற சனிக்கிழமை ஐந்து மணிக்கு நெருப்பு. சார்லட்டில் இருந்து 2004 பேட்ச் மூன்று பேர் குடும்பத்தோடு வருகிறார்கள். வேண்டுமென்றே பாட்டில் சாஸ் வாங்கி வருவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். கொண்டு வரட்டும். வாசலில் நின்று லேபிளை முதலில் இருந்து கடைசி வரை சத்தமாகப் படித்துவிட்டு உள்ளே வர வேண்டும். உச்சரிப்புக்கு மதிப்பெண் உண்டு.